குழந்தை வேண்டாம் என்பது நோயன்று

மணமாகி ஓராண்டு நிறைவதற்குள் "விசேஷம் உண்டா?" என்ற கேள்வி டி. கல்லுப்பட்டி வட்டாரத்திலும் எழுந்துவிடுகிறது. பின்னர் மருமகளை மட்டும் பரிசோதனைக்கு அழைத்து வருகின்றனர்.

குழந்தையை விரும்பி, கருத்தடையின்றி ஓராண்டு கூடி வாழ்ந்தும் கரு தங்காமையையே மருத்துவம் குழந்தையின்மை என்கிறது. தம்பதியர் கலந்தெடுத்த முடிவுக்கு மருந்து தேவையில்லை. மகப்பேற்றைத் தவிர்ப்பதும் பெண்ணின் தனிமனித உரிமையே என உச்ச நீதிமன்றம் 2009இல் சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கில் கூறியுள்ளது.

அரசு நெறிமுறைப்படி, ஒரு குழந்தையேனும் உள்ளவர்க்கே பொதுவாகக் கருத்தடை அறுவை செய்யப்படும். ஏனையோர்க்குக் காப்பர்-டி 380ஏ பொருந்தும். 10 ஆண்டுகள் வரை பயன்தரும். 3 மாதங்களுக்கு ஒருமுறை இடும் அந்தரா ஊசியும் உண்டு. இரண்டும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். நிறுத்தினால் கருவுறும் திறன் மீளும். எனினும் 35 வயதுக்குப் பின் அத்திறன் இயல்பாகவே விரைந்து குறையும். இதனை அறிந்தே முடிவெடுங்கள்.

மருத்துவரிடம் தனியே பேச விரும்பினால் தயங்காது கேளுங்கள். கூறுவது இரகசியமாகவே காக்கப்படும்.

குடும்பத்தார்க்கு ஒரு சொல்: இவ்வூர்க் காந்தி நிகேதனில் வாழ்ந்த ஜே. சி. குமரப்பா மணம் புரியாதவர், அவரைப் போற்றுகிறோம். அம்மதிப்பு, மகப்பேறு வேண்டாம் என்னும் மருமகளுக்கும் உரியதன்றோ?