வைத்தியசாலையில் ஓர் இயந்திரப் பொறியியலாளர்



திருகோணமலை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது கோணேசர் ஆலயம். அடுத்தது இயற்கை அமைத்துத் தந்த துறைமுகம். 1957 ஆம் ஆண்டிலே பிரித்தானியக் கடற்படை இத்துறைமுகத்தை இலங்கையிடம் ஒப்படைத்துச் சென்றது. அதுவரையும் கொதிகலன், குழாய், பம்பி ஆகியவற்றின் இயல்பறிந்த தொழிலாளர் பலர் இங்கே பணிபுரிந்தனர். கப்பலுக்கு ஓர் இயந்திர அறை இருப்பதுபோல வைத்தியசாலைக்கும் ஒன்று உண்டு. நோயாளரைப் பார்க்கச் செல்லும் நாம் மருத்துவரையும் தாதியரையும் காண்கிறோம். நீரை மேல்மாடிக்கு ஏற்றும் பம்பியையும், ஒட்சிசன் குழாய்களையும், மின்தூக்கியையும், நீராவிக் கலன்களையும் பேணும் பொறியியலாளரை நாம் காண்பதில்லை. அவருடைய பொறுப்பு எத்தகையது என்பதை விளக்க நீராவிக் கலன் ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன்.

சத்திரசிகிச்சைக் கருவிகளையும் துணிகளையும் கிருமியற்றவையாக்கும் இக்கலனை ஓட்டோகிளேவ் என்பர். பாஸ்டரின் ஆய்வுகூடத்திலே பணிபுரிந்த சார்ல்ஸ் சேம்பர்லாந்து என்பவர் 1879 இல் இதனை அமைத்தார். கொதிநீரின் வெப்பம் 100 பாகை செல்சியஸ். அவ்வெப்பத்திலும் சாகாத கிருமி வித்துகள் உள. நீராவியை மூடிய கலத்தில் அடைத்து, வளிமண்டலத்துக்கு மேலாக ஏறத்தாழ 15 இறாத்தல் அமுக்கத்துக்கு உயர்த்தினால் வெப்பம் 121 பாகையை அடைகிறது. அந்நிலையில் 15 நிமிடம் வைத்திருப்பது வழக்கம்.

இங்கேதான் ஒரு சூட்சுமம் உண்டு. கலனுள் காற்று எஞ்சியிருக்குமாயின், அமுக்கமானி சரியான அளவையே காட்டும். வெப்பமோ அந்த அளவை எட்டாது. நீராவியிலும் கனமான காற்று அடியிலே தங்கிவிடும். வீட்டில் அமுக்க அடுகலன் வைத்துச் சமைக்கும் பெண்மணிகள், ஆவி நன்றாகச் சீறி வெளிவந்த பின்னரே மேலே பாரத்தை வைப்பர். உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுதலே அதன் நோக்கம். துணிகளை இறுக்கி அடுக்குவதும் தவறு. மாவை அமுக்கி அடைத்த பிட்டுக்குழலில் ஆவி ஏறாமல் நடுப்பகுதி வேகாது கிடப்பதை நாம் அறியாதவர்களா?

இதனை அலட்சியம் செய்தமையால் நேர்ந்த பெருந்துன்பம் ஒன்று இங்கிலாந்தின் பிளிமத் நகரில் நிகழ்ந்தது. அதுவும் நமது ஊரைப்போலக் கடற்படைத் துறைமுக நகரமே. 1972 இன் தொடக்கத்தில் அங்கே டெவன்போர்ட் வைத்தியசாலையில் நோயாளரின் நரம்பில் ஏற்றப்பட்ட டெக்ஸ்ட்ரோஸ் கரைசலிலே கிருமிகள் இருந்தன. ஐந்து நோயாளர் மாண்டனர். அவர்தம் மரணத்துக்கு அக்கரைசலும் காரணமாயிருக்கலாம் எனக் கருதப்பட்டது. கிளோதியர் தலைமையிலான விசாரணைக் குழு ஆராய்ந்தபோது உண்மை வெளிவந்தது. 1971 இல் மருந்துச்சாலையில் அப்போத்தல்களைச் சூடேற்றிய கலனின் அடியிலே காற்று தங்கியிருந்தது. கீழ்த்தட்டுப் போத்தல்கள் போதிய வெப்பம் பெறவில்லை. வெப்பத்தைப் பதியும் கருவி அதனை அன்றே காட்டியது. அமுக்கமானி சரியாக இருந்தபடியால், வெப்பக் கருவிதான் பழுதென்று தொழிலாளர் எண்ணிவிட்டனர்! பழுதான கருவிகளை உடனுக்குடன் திருத்தாத இடத்திலே, உண்மை சொல்லும் கருவியையும் எவரும் நம்பமாட்டார் அன்றோ?

காற்றை உறிஞ்சியெடுக்கும் வகைக் கலன்களுக்குப் போவி, டிக் என்னும் இருவர் ஒரு சோதனையை உருவாக்கினர். வெப்பத்தால் நிறம் மாறும் தாளொன்றைத் துணிப்பொதியின் நடுவே வைத்து, நாள்தோறும் வேலை தொடங்குமுன் கலனை இயக்குவர். தாள் முழுவதும் ஒரே சீராக நிறம் மாறவேண்டும். நடுவிலே வெளிறிய திட்டு ஒன்று தெரிந்தாலும் கலனை நிறுத்திக் காரணம் தேடவேண்டும். சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருக்கும் நிபுணரிடம் சென்று, “இன்று கருவி தர இயலாது” என்று சொல்லும் உறுதி பொறியியலாளருக்கு வேண்டும். கல்வித் தகைமையிலும் இவ்வுறுதி பெரிதென்பது என் கருத்து.

திருகோணமலையில் வேறொரு பகையும் உண்டு, அது கடற்காற்று. காற்றோடு வரும் உப்பு குளிரூட்டிகளின் மெல்லிய அலுமினியத் தகடுகளிற் படிந்து ஈரத்தை ஈர்க்கிறது. செப்புக்குழாயும் அலுமினியமும் தொடும் இடங்களில் அரிப்பு விரைகிறது. ஆகையால் அவற்றை நன்னீரால் அடிக்கடி கழுவவேண்டும்.

மின்பிறப்பாக்கியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020 ஆகஸ்ட் 17 ஆம் திகதியும், 2025 பெப்ரவரி 9 ஆம் திகதியும் நாடு முழுவதும் மின்சாரம் அற்றுப்போயிற்று. அத்தகைய வேளைகளில் அது சில விநாடிகளில் இயங்கவேண்டும். இயங்காமைக்குப் பெரும்பாலும் காரணம், எஞ்சினைத் தொடக்கும் பற்றறி வலுவிழந்திருப்பதே. வெறுமனே ஓட்டிப் பார்ப்பதும் போதாது, சுமையேற்றியும் சோதிக்கவேண்டும். அதனை எங்கே நிறுவுவது என்பதும் சிந்தித்தற்குரியது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கிண்ணியா வைத்தியசாலையைப் பாழாக்கியதை இம்மாவட்டத்தார் அறிவர். தாழ்ந்த நிலத்திலே வைத்த எஞ்சின், வெள்ளம் வரும் நாளில் முதலில் மூழ்கும்.

இயந்திரப் பொறியியல் பயில விரும்பும் மாணவர்க்குப் பேராதனை, மொறட்டுவைப் பல்கலைக்கழகங்கள் உள்ளன. கலனின் கழிகுழாய் வடியை வெளியே எடுத்துத் துப்புரவாக்கும் தொழினுட்பவியலாளரோ தொழினுட்பக் கல்லூரிகளிலும் பட்டறைகளிலும் உருவாகின்றவர். காற்று வெளியேறும் வழி அந்த வடிதான்.