கவச உடைக்குள் ஒரு கோடை

நள்ளிரவு. தீயணைப்பு நிலையத்தில் மணி அடிக்கிறது. படுத்திருந்தவர் எழுந்து பூட்ஸுக்குள் காலை விடுகிறார். வண்டி இன்னும் கிளம்பவில்லை. எரிவது குடிசையா, குடோனா என்றுகூட அவருக்குத் தெரியாது. அதற்குள் அவருடைய இதயம் ஓடத் தொடங்கிவிட்டது. 1975-ல் பர்னார்ட், டங்கன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் லாஸ் ஏஞ்சலிஸ் தீயணைப்பு வீரர்களின் இதயத் துடிப்பை ஈ.சி.ஜி. மூலம் பதிவுசெய்தார்கள். மணி ஒலித்த 15 முதல் 30 விநாடிக்குள் துடிப்பு நிமிடத்துக்குச் சராசரியாக 47 கூடியிருந்தது. சிலருக்கு நூறுக்கும் மேல் எகிறியது. ஓர் அடிகூட ஓடாமல், ஒரு படிகூட ஏறாமல்!

தீயணைப்பு வீரருக்கு உடற்பயிற்சி எதற்கு என்று கேட்டால், ஏணி ஏற, ஆளைத் தூக்கிவர என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கிறது. ஹார்வர்டைச் சேர்ந்த ஸ்டெஃபனோஸ் கேல்ஸும் அவருடைய குழுவினரும், 1994 முதல் 2004 வரை அமெரிக்காவில் பணியின்போது இறந்த தீயணைப்பு வீரர்களின் பதிவுகளை அலசி 2007-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று இறந்தவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. மீதி 1,144 பேர். அவர்களில் 449 பேரைக் கொன்றது இதயத் தமனி நோய். அந்த 449 சாவுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று, நெருப்போடு போராடிக்கொண்டிருந்தபோது நேர்ந்தது. தீயை அணைக்கும் வேலையோ ஒரு வீரரின் ஆண்டுப் பணிநேரத்தில் 1 முதல் 5 சதவீதம் மட்டுமே. அந்தச் சில மணி நேரத்தில் அப்படி என்னதான் நடக்கிறது?

அதை அறிய அவர் உடுத்தியிருக்கும் கவச உடைக்குள் போக வேண்டும். வெளியே தீயைத் தாங்கும் துணி, நடுவில் தண்ணீரைத் தடுக்கும் படலம், உள்ளே வெப்பத்தைத் தடுக்கும் மெத்தை போன்ற அடுக்கு. இதோடு தலைமூடி, ஹெல்மெட், கையுறை, பூட்ஸ், முதுகில் ‘பி.ஏ. செட்’ எனப்படும் சுவாசக் கருவி. எல்லாம் சேர்ந்து 20 முதல் 25 கிலோ. ஒரு சிப்பம் அரிசியைத் தோளில் போட்டுக்கொண்டு, அக்னி நட்சத்திர வெயிலில் கம்பளியைப் போர்த்தியபடி மாடிப்படி ஏறுவதை எண்ணிப்பாருங்கள். அதுவும் புகையில், கண் தெரியாமல்.

வெளியிலிருக்கும் வெப்பத்தை உள்ளே விடாத உடை, உள்ளே பிறக்கும் வெப்பத்தையும் வெளியே விடுவதில்லை. இங்குதான் சிக்கல் தொடங்குகிறது. நம் தசைகள் எரிக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவுதான் வேலையாக மாறுகிறது. மற்றதெல்லாம் சூடு. 70 கிலோ எடையுள்ள ஒருவர் மூச்சுவாங்க வேலை செய்யும்போது அவர் உடம்பு 1,000 வாட் வரை ஆற்றலை எரிக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது எரிப்பது 100 வாட்டுக்கும் குறைவு. சாதாரணமாக இந்தச் சூட்டை வியர்வை ஆவியாகி எடுத்துச்சென்றுவிடும். கவச உடைக்குள் வியர்வை ஆவியாக வழியில்லை. வழிந்து பூட்ஸுக்குள் தேங்குகிறது. 700 வாட் வெப்பம் போக்கிடம் இல்லாமல் உடம்பிலேயே தங்கினால், கணக்குப்படி ஆறு நிமிடத்துக்கு ஒரு டிகிரி செல்சியஸ் ஏற வேண்டும். கொஞ்சமாவது வெளியேறிவிடுவதால் நிஜத்தில் அவ்வளவு வேகமாக ஏறுவதில்லை. ஆனாலும் ஏறிக்கொண்டே இருக்கிறது. வெளியே இருப்பது கட்டடத்தின் நெருப்பு. உள்ளே இருப்பது அவர் உடம்பே மூட்டியது.

இப்போது இதயத்திடம் இரண்டு பேர் ஒரே ரத்தத்தைக் கேட்கிறார்கள். தசைக்கு ஆக்ஸிஜன் வேண்டும். சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் ரத்தம் வேண்டும். இதற்கிடையே வியர்வையாகப் போகும் நீர் ரத்தத்திலிருந்துதான் போகிறது. ரத்தத்தின் அளவு குறைய, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளித்தள்ளும் அளவும் குறைகிறது. அதை ஈடுகட்ட இதயம் இன்னும் வேகமாகத் துடிக்கிறது. வேலை கூடாமலேயே துடிப்பு கூடும் நிலை இது. கடைசியில் துடிப்பு அதன் உச்சத்தைத் தொடுகிறது. அதற்கு மேல் போக இடமில்லை.

ரத்தமே மாறிவிடுகிறது என்பதுதான் எனக்கு மிகவும் வியப்பூட்டிய செய்தி. ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், புகைபிடிக்காத, ஆரோக்கியமான 19 தீயணைப்பு வீரர்களை 20 நிமிடப் பயிற்சித் தீக்குள் அனுப்பினார்கள். இரண்டு மாடிக் கட்டடத்திலிருந்து 80 கிலோ பொம்மையை மீட்க வேண்டும். வெளியே வந்தபோது அவர்களின் உடல் வெப்பம் ஏறக்குறைய 1 டிகிரி உயர்ந்திருந்தது. ரத்தத்தைச் சோதித்தால், முன்னைவிட எளிதில் உறைந்து கட்டியானது. தமனிக்குள் ஏற்கெனவே கொழுப்புப் படிந்திருக்கும் ஒருவருக்கு இதன் பொருள் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. 2017-ல் வெளியான இந்த முடிவு, தீ அணைந்த பிறகும் ஆபத்து ஏன் தொடர்கிறது என்பதற்கு ஒரு விடை.

சரி, பயிற்சி இதில் எதை மாற்ற முடியும்? இதயத்தின் உச்சத் துடிப்பை எந்தப் பயிற்சியும் உயர்த்தாது. அது வயதோடு இறங்கிக்கொண்டே போகும். பயிற்சி மாற்றுவது, ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் தள்ளும் ரத்தத்தின் அளவை. பழகாத இதயம் கடும் உழைப்பில் ஒரு துடிப்புக்கு 100, 120 மில்லிலிட்டர் தள்ளினால், நன்றாகப் பழகியது 150-க்கு மேல் தள்ளும். வெயிலில் தொடர்ந்து உழைத்துப் பழகினால் சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. ஆவியாக வழியில்லாத உடைக்குள் வியர்வையின் பயன் குறைவு என்றாலும், கூடுதல் ரத்தம் கைகொடுக்கும். உடலில் கொழுப்பு குறைவதும் உதவும்: கொழுப்பு தசையைவிட எளிதில் சூடேறும், அதோடு தானும் ஒரு சுமை.

இந்த வலிமையை அளக்க ஓர் எண் இருக்கிறது. உடம்பு உச்சக்கட்ட உழைப்பில், ஒரு கிலோ எடைக்கு ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லிலிட்டர் ஆக்ஸிஜனைப் பயன்படுத்துகிறது என்பது அது. சும்மா இருக்கும்போது 3.5. கனடாவில் நார்மன் கிளெடில், வெரோனிகா ஜாம்னிக் இருவரும் 1992-ல் தீயணைப்பு வேலைகளை ஒவ்வொன்றாக அளந்தார்கள். பெரும்பாலான வேலைகளுக்குச் சராசரியாக 23 போதுமாக இருந்தது. மிகக் கடினமானவை 41.5 கேட்டன. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 42-ஐ ஒட்டிய எண்ணே நெடுங்காலம் அளவுகோலாக இருந்துவருவது இதனால்தான்.

சுவாசக் கருவியின் காற்றுக்கும் இந்த எண்ணுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 300 பார் அழுத்தத்தில் நிரப்பிய 6 லிட்டர் சிலிண்டரில் ஏறக்குறைய 1,800 லிட்டர் காற்று இருக்கும். நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுத்தால் 45 நிமிடம் வரும். கடும் உழைப்பில் மூச்சு 80, 100 லிட்டராகிவிடும். சிலிண்டர் 20 நிமிடத்தில் தீரும். தகுதி குறைந்தவரின் தசைகள் சீக்கிரமே ஆக்ஸிஜன் போதாமல் லாக்டேட்டைச் சேர்க்கின்றன. அதைச் சமன்செய்யும்போது பிறக்கும் கூடுதல் கரியமில வாயுவை வெளியேற்ற, தேவைக்கு மேல் மூச்சு வாங்குகிறது. ஒரே சிலிண்டரோடு உள்ளே போகும் இரண்டு பேரில் காற்று தீரப்போவதை எச்சரிக்கும் விசில் ஒருவருக்கு மட்டும் முன்னதாக அடிப்பதற்கு இது ஒரு காரணம். ஜோடியாகப் போனவர்கள் ஜோடியாகத்தான் திரும்ப வேண்டும் என்பதால், ஒருவரின் மூச்சு இருவரின் நேரத்தையும் தீர்மானிக்கிறது.

இத்தனையும் தெரிந்த பிறகு, ஆள் எடுக்கும்போது எதைச் சோதிப்பது என்ற கேள்வி எழுகிறது. நியூயார்க்கில் இது நீதிமன்றம் வரை போனது. 1977-ல் முதன்முறையாகப் பெண்களும் தேர்வு எழுதினார்கள். எழுத்துத் தேர்வில் தேறிய பெண்களில் ஒருவர்கூட உடல்தகுதித் தேர்வில் தேறவில்லை. அந்தத் தேர்வுக்கும் வேலைக்கும் தொடர்பில்லை என்று அவர்களில் ஒருவரான பிரெண்டா பெர்க்மன் தொடுத்த வழக்கில் 1982-ல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. தேர்வு மாறியது, பெண்கள் பணியில் சேர்ந்தார்கள், பெர்க்மனும்தான்.

1990-களின் இறுதியில் அமெரிக்க, கனடியத் தீயணைப்புத் தொழிற்சங்கமும் அதிகாரிகள் சங்கமும் சேர்ந்து உருவாக்கிய ‘சி-பாட்’ தேர்வு, வேலையை அப்படியே மைதானத்துக்குக் கொண்டுவர முயல்கிறது. 10 நிமிடம் 20 விநாடிக்குள் எட்டு வேலைகள். உடம்பில் 50 பவுண்டு, அதாவது 22.7 கிலோ எடையுள்ள சட்டை. முதல் வேலை படியேறும் இயந்திரம். அதற்கு மட்டும் தோளில் இன்னும் 25 பவுண்டு ஏற்றுவார்கள். மொத்தம் 34 கிலோ சுமையோடு நிமிடத்துக்கு 60 படி வீதம் மூன்று நிமிடம். கைப்பிடியில் எடையைச் சாய்க்கக் கூடாது. கால் நடுங்கி இறங்கியதும் குழாயை இழுக்க வேண்டும், கருவிகளைச் சுமக்க வேண்டும், ஏணியை நிறுத்த வேண்டும், பெரிய சுத்தியலால் அடிக்க வேண்டும், இருட்டுச் சுரங்கத்துக்குள் தவழ வேண்டும், 75 கிலோ பொம்மையை இழுக்க வேண்டும், கடைசியில் கூரையைக் குத்தி இழுக்க வேண்டும். ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் இடையே நடக்கலாம், ஓடக் கூடாது. மதிப்பெண் கிடையாது, தேர்ச்சி அல்லது தோல்வி.

தமிழ்நாட்டில் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்று பணிக்கும் பொதுவாகத் தேர்வு நடத்துகிறது. ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். பிறகு கயிறு ஏறுதல், நீளம் அல்லது உயரம் தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம். அந்த 7 நிமிட வேகத்துக்கு உடம்பு கேட்கும் ஆக்ஸிஜன், கிலோவுக்கு ஏறக்குறைய 45 மில்லிலிட்டர். ஆக, நம் ஊர் இளைஞர் ஓடித் தேறுவதும் அந்த உலக அளவுகோலை ஒட்டிய ஓட்டம்தான். இதில் நான் பெருமைப்படுகிறேன். ஒரு குறையும் எனக்குத் தெரிகிறது. ஓடுபவர் தன் எடையை மட்டும் சுமக்கிறார். ஒல்லியானவருக்கு அது சாதகம். பி.ஏ. செட்டோ 55 கிலோ ஆளுக்கும் 80 கிலோ ஆளுக்கும் ஒரே எடைதான். 63 மில்லிமீட்டர் குழாயில் 15 மீட்டருக்குத் தண்ணீர் நிரம்பினால் அந்தத் தண்ணீர் மட்டுமே ஏறக்குறைய 47 கிலோ. அது யாருக்காகவும் குறையாது. சுமையோடு படியேறும் ஒரு சோதனையைத் தீயணைப்புப் பிரிவுக்கு மட்டுமாவது தனியே சேர்க்கலாம் என்பது என் எண்ணம்.

அதைவிட முக்கியமானது, சேர்ந்த பிறகு என்ன ஆகிறது என்பது. 20 வயதில் 45 இருந்த எண், கவனிக்காமல் விட்டால் முப்பதுக்குப் பிறகு பத்தாண்டுக்குப் பத்து சதவீதம் அளவில் இறங்கும். கவச உடையின் எடை இறங்காது. 45 வயதில் அதே மணி, அதே படிக்கட்டு, குறைந்துபோன இதயம். கேல்ஸ் குழுவினர் 2019-ல் இன்னொரு ஆய்வை வெளியிட்டார்கள். இந்தியானா மாநிலத்தில் 1,104 ஆண் தீயணைப்பு வீரர்களைத் தாளக்கருவியின் தட்டுக்கு ஏற்பத் தண்டால் எடுக்கச் சொல்லி, பத்தாண்டு கண்காணித்த ஆய்வு அது. 40-க்கு மேல் எடுத்தவர்களுக்கு, 10-க்கும் குறைவாக எடுத்தவர்களைவிட இதய நோய் நிகழ்வுகள் 96 சதவீதம் குறைவு. தண்டால்தான் காப்பாற்றியது என்று இதற்கு அர்த்தமில்லை. தண்டால் எடுக்க முடிகிற உடம்பு ஏற்கெனவே பல வகையிலும் நலமாக இருக்கும். ஆனால் டிரெட்மில் சோதனையைவிட இது நன்றாக முன்னறிவித்தது. செலவு எதுவும் இல்லை.

சின்ன ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் ஜிம் இருக்காது. மாடிப்படி இருக்கும், பழைய குழாய் இருக்கும், மணல் வாளி இருக்கும், காலியான பி.ஏ. செட் இருக்கும். அதை மாட்டிக்கொண்டு படியேறுவதும், தண்ணீர் நிரப்பிய குழாயை முற்றத்தில் இழுப்பதும், மூட்டையைப் பின்னோக்கி இழுத்துச்செல்வதும் தேவையான பயிற்சியில் பெரும்பகுதியைத் தந்துவிடும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் நீண்ட நேர ஓட்டம் அல்லது சைக்கிள் அதோடு சேர வேண்டும். தீயிலிருந்து வெளியே வந்தவுடன் உடையைத் திறந்து, முழங்கை வரை கைகளைக் குளிர்ந்த நீரில் வைத்தால் உடல் வெப்பம் வேகமாக இறங்கும். அதற்கு ஒரு வாளி போதும். இவற்றுக்கான நேரத்தைப் பணி நேரத்துக்குள்ளேயே ஒதுக்க வேண்டும். வண்டியின் இன்ஜினைத் தினமும் காலையில் இயக்கிப் பார்ப்பதற்கு நேரம் ஒதுக்குகிறோம். வண்டியில் ஏறும் ஆறு பேரின் இதயத்துக்கும் அதே பட்டியலில் ஒரு மணி நேரம் எழுதப்பட வேண்டும்.