கண்கட்டு வித்தையில் கட்டப்படுவது கண்ணா, கருத்தா?

மேடையில் மாயம் காட்டுவதைக் கண்கட்டு வித்தை என்கிறோம். ஆனால், எந்த வித்தைக்காரரும் நம் கண்ணைத் துணியால் கட்டுவதில்லை. "நன்றாகப் பாருங்கள், உற்றுப் பாருங்கள்" என்றுதான் சொல்கிறார். அப்படியானால் அவர் கட்டுவது எதை?

இதற்கு விடை சொல்லும் ஆங்கிலப் படம் ஒன்று உண்டு. லூயி லெட்டரியே இயக்கி 2013இல் வெளிவந்த 'நவ் யூ சீ மீ'. மக்கள் ஆதரவால் 2016லும் 2025லும் அடுத்தடுத்த பாகங்கள் வந்தன. இங்கு நாம் பார்க்கப்போவது முதல் படத்தை.

'நான்கு குதிரைவீரர்கள்' என்ற பெயரில் நான்கு வித்தைக்காரர்கள் லாஸ் வேகஸ் மேடையில் நிற்கிறார்கள். இன்றிரவு ஒரு வங்கியைக் கொள்ளையடிக்கப் போகிறோம் என்று பகிரங்கமாக அறிவிக்கிறார்கள். கூட்டத்திலிருந்து ஒரு பிரெஞ்சுக்காரரை மேடைக்கு அழைக்கிறார்கள். அவர் மறைகிறார். பாரிசில் அவர் கணக்கு வைத்திருக்கும் வங்கியின் பெட்டக அறையில் தோன்றுகிறார். அடுத்த சில நொடிகளில் 3.2 மில்லியன் யூரோ அரங்கில் மழையாகக் கொட்டுகிறது! பாரிசில் பெட்டகத்தைத் திறந்தால், உண்மையாகவே பணத்தைக் காணோம்.

இது எப்படி நடந்தது? மார்கன் ஃபிரீமன் ஏற்றுள்ள பாத்திரம் விளக்குகிறது. அந்தப் பணம் வங்கிக்கு வந்து சேரும் முன்பே திருடப்பட்டுவிட்டது. பெட்டகத்துக்குள் போனது, நெருப்புப் பட்டால் சாம்பல்கூட மிஞ்சாத தாளில் செய்த போலி நோட்டு. மறைந்த மனிதர் பாரிசுக்குப் போகவே இல்லை. மேடைக்கு அடியில் அமைத்த போலிப் பெட்டக அறைக்குள் விழுந்தார். அதாவது, கொள்ளை எப்போதோ முடிந்துவிட்டது. மேடையில் நடந்தது அதன் வேடிக்கை மட்டுமே.

இதில் நாம் அறிய வேண்டியவை மூன்று.

முதலாவது, நாம் தேர்ந்தெடுத்ததாக நினைப்பது. படத்தின் தொடக்கத்தில் ஒருவர் சீட்டுக்கட்டை விரைவாகப் புரட்டி, ஒரு சீட்டை நினைத்துக்கொள்ளச் சொல்கிறார். படம் பார்க்கும் நம்மில் பலரும் டைமண்ட் ஏழைத்தான் நினைப்போம். ஏன்? அந்த ஒரு சீட்டு மட்டும் கண்ணுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் தெரிகிறது. தேர்வு நம்முடையது அன்று, அவருடையது. பாரிஸ் ஆளும் அப்படித்தான். குலுக்கலில் வந்தவர்போல் தெரிந்தாலும் முன்கூட்டியே குறிவைக்கப்பட்டவர்.

இரண்டாவது, கவனம். மனித மனம் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் உற்றுக் கவனிக்கும். டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டபர் சாப்ரிஸ் என்ற உளவியலாளர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. சிலர் பந்தைக் கைமாற்றி விளையாடும் காணொளியைக் காட்டி, வெள்ளைச் சட்டைக்காரர்கள் எத்தனை முறை பந்தைக் கைமாற்றுகிறார்கள் என்று எண்ணச் சொன்னார்கள். நடுவே கொரில்லா உடையணிந்த ஒருவர் நடந்து வந்து, மார்பில் தட்டிக்கொண்டு போனார். எண்ணிக்கொண்டிருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் கொரில்லாவைப் பார்க்கவே இல்லை! கண் திறந்துதான் இருந்தது. கருத்து வேறிடத்தில் இருந்தது.

மூன்றாவது, நாமே வாய்விட்டுச் சொல்வது. வித்தைக்காரர்களை ஆதரிக்கும் காப்புறுதிச் செல்வந்தராக மைக்கேல் கெய்ன் நடித்துள்ளார். விமானத்தில் போகும்போது அவர் மனத்தைப் படிப்பதாகச் சொல்லி விளையாட்டுக் காட்டுகிறார்கள். சிறுவயதில் வளர்த்த செல்லப்பிராணி, தாயின் குடும்பப் பெயர் என்று ஏதேதோ ஊகிக்கிறார்கள். தவறாகச் சொல்லும்போது, அவரே சிரித்துக்கொண்டு திருத்துகிறார். பின்னர் நியூ ஆர்லியன்ஸ் மேடையில் அவர் கணக்கிலிருந்து 140 மில்லியன் டாலர் பறிபோகிறது. அந்த விடைகள்தாம் வங்கியின் பாதுகாப்புக் கேள்விகளுக்கான சாவி! 2005இல் கத்ரீனா சூறாவளியில் எல்லாவற்றையும் இழந்து, அவர் நிறுவனத்தால் கைவிடப்பட்டவர்களுக்கு அந்தப் பணம் போகிறது.

படத்தில் குறைகளும் உண்டு. சொடுக்குப் போட்டதும் மயங்கி, சொன்னதையெல்லாம் செய்யும் மனோவசியம் கதைக்கு மட்டுமே பொருந்தும். ஏமாற்றியவனிடம் திருடுவது நீதியா, பழிவாங்கலா என்ற கேள்வியையும் படம் தாண்டிப் போய்விடுகிறது. ஆனாலும் இறுதித் திருப்பம் அருமை. நால்வரையும் துரத்தும் காவல் அதிகாரியே அவர்களை இயக்கியவர். இரண்டு மணி நேரம் அவர் கண்முன்னேதான் இருந்தார். துரத்துகிறவரை யார் சந்தேகிப்பார்?

அன்பர்களே, மேடை வித்தையில் ஏமாறுவது இன்பம். கைதட்டிவிட்டு வீடு திரும்பலாம். இதே மூன்று உத்திகளும் தொலைபேசி வழியே வந்தால் என்ன ஆகும்? "காவல் நிலையத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது" என்கிறது ஒரு குரல். மலேசியாவில் இதற்கு 'மக்காவ் ஸ்கேம்' என்றே பெயர். அச்சம்தான் அங்கே பந்து. நம் கவனம் முழுவதும் அதன் பின்னால் ஓடுகிறது. உடனே முடிவெடு என்று அவசரப்படுத்தி, இரண்டு வழிகளைக் காட்டுகிறார்கள். இரண்டுமே அவர்கள் வழி. கணக்கு விவரத்தை நாமே திருத்திச் சொல்கிறோம். பணம் மறைகிறது. அது மழையாய் யார் தலையிலும் கொட்டுவதில்லை.

வித்தைக்காரர் பேச்சை நிறுத்தினால் வித்தை நின்றுவிடும். ஆகவே, முதலில் தொலைபேசியை வையுங்கள். மூச்சு விடுங்கள். வீட்டாரிடம் சொல்லுங்கள். பணம் போய்விட்டது என்றால் மலேசியாவில் 997 என்ற எண்ணை உடனே அழையுங்கள்; சந்தேகம் எழுந்தால் சிங்கப்பூரில் 1799.

கட்டப்படுவது கண் அன்று, கருத்துதான். அந்தக் கட்டை அவிழ்க்கும் கை நம்முடையது.