30-க்கு 40 மனையில் 66 அடி ஆன்டெனா!

லைசென்ஸ் வந்தாச்சு. வி.யு.3-ன்னு ஆரம்பிக்கிற கால்சைனை நோட்டோட கடைசிப் பக்கத்துல பத்து தடவை எழுதிப் பார்த்தாச்சு. ஃப்ரெண்ட்ஸுக்கு டீ, சமோசாவும் ஆச்சு. இனிதான் மேட்டரே... ஆன்டெனாவை எங்கே கட்டுறது?

நம்ம ஊர் ஹாம் ரேடியோ ஆட்கள் கூடிப் பேசுற இடம் 40 மீட்டர் பேண்ட். அதாவது 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை. இதுக்கு எளிமையான ஆன்டெனா டைபோல். நடுவில் கேபிள், இரண்டு பக்கமும் ஒயர், அவ்வளவுதான்! நீளம்? 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் கிடைச்சிடும். 7.1-க்கு சுமார் 20 மீட்டர், அதாவது 66 அடி. உங்க மனையோ 30-க்கு 40. மூலைக்கு மூலை இழுத்தாலும் 50 அடிதான்!

உடனே ரேடியோவைப் பரண்ல ஏத்திடாதீங்க. அந்த ஒயரில் மின்னோட்டம் நடுவில்தான் அதிகம். நுனிக்குப் போகப் போகக் குறைஞ்சு பூஜ்யமாகிடும். சிக்னலைக் கிளப்புற வேலையில் பெரும்பங்கு நடுப்பகுதியோடது. அது உயரத்தில் இருந்தா போதும், நுனிகள் சரிஞ்சாலும் பெரிய நஷ்டமில்லை. மொட்டை மாடி நடுவில் ஒரு குழாயை நட்டு, கேபிள் சேருற இடத்தை அதன் உச்சியில் கட்டுங்க. இரண்டு பக்க ஒயரையும் கூரை மாதிரி எதிரெதிர் மூலைக்குச் சரிச்சு இறக்குங்க. இதுக்குப் பேர் 'இன்வர்டட் வீ'. உச்சியில் கோணம் 90 டிகிரின்னா, நுனிக்கு நுனி 47 அடிக்குள் அடங்கிடும். அதைவிடக் குறுக்கினா இரண்டு பக்கமும் ஒண்ணையொண்ணு கெடுக்க ஆரம்பிச்சிடும்.

'செங்குத்தா 10 மீட்டர் கம்பம் நட்டா இடமே வேண்டாமே'ன்னு சிலர் சொல்வாங்க. வெளிநாட்டு ஸ்டேஷன் பிடிக்க அது நல்லதுதான். ஆனா, அடியில் ரேடியல் ஒயர்கள் பரப்பணும். தெருவில் உள்ள எல்.இ.டி. பல்பு, இன்வெர்ட்டர் இரைச்சலையெல்லாம் அதிகமாவே வாரிக்கொண்டு வரும். தாழ்வான இன்வர்டட் வீ, சிக்னலை மேல்நோக்கி அனுப்பும். அயனிமண்டலம் அதைத் திருப்பிவிட, பகலில் சென்னையிலிருந்து மதுரையோடும் கோவையோடும் பேசலாம். புயல் அடிச்சு செல்போன் டவர் படுத்துட்டா, நமக்குத் தேவை பக்கத்து மாவட்டம்தானே? என் ஓட்டு இதுக்குத்தான்.

ஒயரை ஓரடி கூடுதலாவே வெட்டுங்க. எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைப் பார்த்துப் பார்த்து, இரண்டு நுனியிலும் சமமா நறுக்கலாம். மின்கம்பி பக்கமே போகாதீங்க. ஒயர் அறுந்து விழுந்தாலும் அதைத் தொடாத தூரம் வேணும். இடி இடிச்சா, முதல்ல கேபிளைக் கழற்றிடுங்க. நுனியில் மின்னோட்டம் இல்லாட்டியும் வோல்டேஜ் உச்சத்தில் இருக்கும். அதனால கைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்க. அம்மா அதுல துணி காயப்போட்டுடாமப் பார்த்துக்கிறதும் உங்க பொறுப்பு!