காட்டை வெட்டினால் பட்டா, காத்தால் பணம்



மத்திய அமெரிக்காவில் உள்ள சிறிய நாடு கோஸ்டா ரிகா. 1940-களில் அதன் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு காடு. 1980-களில் எஞ்சியதோ நான்கில் ஒரு பங்கு அளவுதான்.

எங்கே போனது காடு? காபிக்கும் வாழைக்கும் ஒரு பகுதி, மாட்டு மேய்ச்சலுக்குப் பெரும்பகுதி. அமெரிக்கச் சந்தையில் மாட்டிறைச்சிக்கு நல்ல கிராக்கி இருந்தது. மாடு வளர்க்க வங்கிகள் சலுகை வட்டியில் கடன் கொடுத்தன. காட்டை வெட்டி நிலத்தைத் திருத்தியவர் அதற்கு உரிமை கோரலாம் என்று சட்டமும் இடம் கொடுத்தது. ஏற்றுமதி வருமானம் பெருகியது. சரிவான நிலங்களில் மேல்மண்ணோ மழையோடு போனது. 1980-களில் இறைச்சி விலை சரிந்தது. நாட்டைக் கடன் நெருக்கடியும் பிடித்துக்கொண்டது.

1996-இல் வந்த வனச் சட்டம், இயற்கைக் காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றத் தடை விதித்தது. அடுத்த ஆண்டே, காட்டைக் காக்கும் நில உரிமையாளர்களுக்கு அரசு பணம் தரத் தொடங்கியது. அதற்கு முக்கிய நிதி எரிபொருள் வரி. அதாவது, வண்டிக்குப் பெட்ரோல் போடுகிறவர் கொடுக்கும் காசில் ஒரு பகுதி, மரத்தை வெட்டாமல் விட்டவர் கைக்குப் போகிறது!

இன்று அந்நாட்டில் பாதிக்கு மேல் காடு. மேய்ச்சலில் லாபம் குறைந்ததும் இதற்கு ஒரு காரணம். காடும் கடற்கரையும் காண வரும் சுற்றுலாப் பயணிகளால் கிடைக்கும் அந்நியச் செலாவணி, இப்போது காபி ஏற்றுமதி வருமானத்தைப் பல மடங்கு மிஞ்சி நிற்கிறது.