மலையிறக்கத்தில் ஒரு தேர்வு

சித்திரை மாதத்து வசந்தகாலத்தில் நுவரெலியாவுக்கு வருவோரிற் பலர் மலர்களையும் குதிரைப் பந்தயத்தையும் காண வருவர். வேறொரு கூட்டம் நகரை அடுத்துள்ள மகாகஸ்தோட்டைத் தேயிலை மலையை நாடிச் செல்லும். 1934ஆம் ஆண்டில் தொடங்கிய மலையேற்ற மோட்டார்ப் பந்தயம் நடைபெறும் இடம் அது. தேயிலைச் செடிகளுக்கிடையே குந்தியிருந்து அதனைக் கண்டவர்கள் ஓர் உண்மையை அறிவர். வண்டி கண்ணுக்குத் தெரியுமுன்னரே அதன் குரல் காதை எட்டிவிடும். வளைவுக்கு முன்னர் அக்குரல் ஒரு கணம் அறுந்து, பின்னர் உரத்து எழும். அந்தக் கணத்திலேதான் சாரதி கியரை மாற்றுகிறான். அவன் திறமையைப் பார்வையாளர் செவியினாலேயே அளந்துவிடுவர்.

இந்தக் காட்சியை எனக்கு மீண்டும் நினைவூட்டியவர் ஹற்றனை அடுத்த தோட்டப் பாடசாலையொன்றிற் பணியாற்றும் என் நண்பர். ஓய்வு பெறுவதற்கு இன்னும் இரண்டாண்டுகளே உள்ள ஆசிரியர் அவர். வாழ்நாளில் முதன்முறையாக ஒரு மோட்டார் வண்டி வாங்க எண்ணினார். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான் தனியார் கார்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிகளின் விலையும் மலையேறிற்று. ஆகவே இப்பொழுது வாங்கும் வண்டியே அவருக்கு இறுதிவரை உழைக்கவேண்டிய வண்டி. இரண்டு வண்டிகள் அவர் முன் நின்றன. ஒன்று, காலால் கிளச்சை மிதித்துக் கையாற் கோலைத் தள்ளிக் கியர் மாற்றும் பழைய முறையது. மற்றது, கிளச்சு மிதியே இல்லாதது. ஸ்டியரிங் வளையத்தின் பின்னே இரு காதுகள்போல நிற்கும் பேடல் ஷிஃப்டர் என்னும் விரல்நெம்புகளை உடையது. வலக்காதை இழுத்தால் மேற்கியர். இடக்காதை இழுத்தால் கீழ்க்கியர்.

“அப்பா, உங்கட முழங்காலுக்கு இதுதான் சரி” என்றான் அவர் மகன். அவருக்கு இடது முழங்காலில் நெடுநாள் நோவு உண்டு. “மலைக்கு மெனுவல்தான் சேர்” என்றார் கொழுந்து லொறி ஓட்டும் அயல்வீட்டுக்காரர். இருவர் சொல்லையும் கேட்டுக் குழம்பிய நண்பர் என்னிடம் வந்தார். நான் மோட்டார்ப் பொறி வல்லுநன் அல்லேன். ஆயினும் இந்த வினா ஒரு குடும்பத்தின் சேமிப்பையும், அதற்கு மேலாக உயிர்களையும் தொட்டு நிற்பது. எனவே சற்றே ஆழ்ந்து பார்த்தல் தகும்.

முதலிற் கியர் என்பது யாதென நோக்குவோம். எஞ்சின் விரைந்து சுழலும்போதே வலுவுடன் உழைக்கும். சில்லோ நின்ற நிலையிலிருந்து மெல்ல உருளத் தொடங்கவேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே உடன்பாடு செய்துவைக்கும் தரகனே பற்சக்கரப் பெட்டி. கீழ்க்கியரில் எஞ்சின் பலமுறை சுழன்று சில்லை ஒருமுறை சுழற்றும். வேகம் குறையும், இழுவை மிகும். மேற்கியரில் இதற்கு மறுதலை. பிரான்சு நாட்டுப் பனார் – லெவாசோர் வண்டிகளில் 1890களிலேயே கோலாற் பற்சக்கரங்களை நகர்த்தும் முறை அமைந்துவிட்டது. அதனை இலகுவாக்கும் திருத்தங்கள் பின்னர் பல வந்தனவாயினும், கால் கிளச்சை மிதிக்கக் கை கோலைத் தள்ளும் அடிப்படை இன்றும் மாறவில்லை.

விரலாற் கியர் மாற்றும் எண்ணமும் நேற்றுப் பிறந்ததன்று. ஸ்டியரிங் அருகே உள்ள ஒரு சிறு நெம்பால் அடுத்த கியரை முன்கூட்டியே குறித்துவைத்து, வேண்டிய வேளையில் ஒரு மிதியை அழுத்தி அதனை நடைமுறைப்படுத்தும் பெட்டிகள் 1930களில் இங்கிலாந்தில் வழக்கிலிருந்தன. லண்டன் மாநகரத்து ஆர்.டி. வகை இரட்டைத்தட்டு பஸ்கள் அத்தகைய பெட்டி உடையனவே. அங்கு ஓய்வு பெற்ற அவ்வகை பஸ்களிற் பல பின்னர் இலங்கை வீதிகளிலும் உழைத்தன. வளையத்தின் பின்னால் விரல்நெம்பைப் பொருத்தி வெற்றி கண்டவர் ஜோன் பார்னார்ட் என்னும் வடிவமைப்பாளர். அவர் ஆக்கிய பெராரி 640 என்னும் பந்தய வண்டி, 1989ஆம் ஆண்டு மார்ச் 26இல் பிரேசில் நாட்டிற் கலந்துகொண்ட முதற் பந்தயத்திலேயே வென்றது. ஓட்டியவர் நைஜல் மான்செல். 1997இல் அதே நிறுவனத்தின் வீதி வண்டி ஒன்றிலும் அந்நெம்பு இடம் பெற்றது. பந்தயக்காரன் விரும்பியது யாது? வளைவில் இரு கையும் வளையத்தை விட்டு அகலாதிருத்தல். இறம்பொடை வளைவுகளில் ஓட்டுபவனுக்கும் அவ்விருப்பம் பொருந்தாததன்று.

இன்னுஞ் சொன்னால், விரலும் கைப்பிடியும் கொண்டு கியர் மாற்றுதல் நம் தோட்டத்து இளைஞருக்குப் புதிதே அன்று. நாள்தோறும் லயத்து வாசல் வரை ஏறிவரும் முச்சக்கரவண்டியைப் பாருங்கள். இடக்கைப்பிடியிற் கிளச்சு, அதே பிடியைத் திருகினாற் கியர். காலுக்கு அங்கே பிரேக்கு மட்டுமே வேலை. எனவே ‘இது பணக்காரர் விளையாட்டு’ என்று விரல்நெம்பை ஒதுக்குதல் முறையாகாது.

ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. முச்சக்கரவண்டியின் பிடி பற்சக்கரத்தை நேரே ஆள்கிறது. காரின் விரல்நெம்போ ஒரு மின்பொத்தான் மாத்திரமே. அது கணினிக்கு விண்ணப்பம் செய்கிறது, நிறைவேற்றுவது கணினி. நெம்பின் பின்னால் மூவகைப் பெட்டிகளில் ஒன்று இருக்கலாம். இரட்டைக் கிளச்சுப் பெட்டியில் ஒற்றைப்படைக் கியர்களை ஒரு கிளச்சும் இரட்டைப்படைக் கியர்களை மற்றொரு கிளச்சும் ஆளும். மாற்றம் கண்ணிமைப் பொழுதில் நிகழும். இரண்டாவது, எண்ணெயின் சுழற்சியால் விசையைக் கடத்தும் பழைய ஓட்டோ பெட்டி. மூன்றாவது, இரு கப்பிகளுக்கிடையே பட்டி ஓடும் சி.வி.டி. இதில் உண்மையான கியர்ப்படிகளே கிடையா. நெம்பை இழுக்குந்தோறும் கணினி ஒரு விகிதத்தைப் பிடித்துவைத்துப் படிபோற் காட்டும். வாங்குபவர் நெம்பின் அழகில் மயங்காது, அதன் பின்னால் இருப்பது யாதென வினவுதல் வேண்டும்.

இனி மலைக்கு வருவோம். ஏற்றத்தைவிட இறக்கமே மலைச் சாரதியின் தேர்வு மண்டபம். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து இறம்பொடை வழியே கம்பளை நோக்கி இறங்கும் வண்டி ஆயிரம் மீற்றருக்கு மேல் தாழ இறங்குகிறது. ஆட்களும் பொதிகளும் சேர்ந்து 1,200 கிலோகிராம் நிறையுள்ள கார் ஆயிரம் மீற்றர் இறங்குகையில் வெளிப்படும் சக்தியைக் கணக்கிட்டாற் பள்ளி மாணவனும் வியப்பான். 20 பாகைச் சூட்டிலுள்ள 35 லீற்றர் நீரைக் கொதிக்கவைக்க அது போதும்! அத்தனை சூட்டையும் நான்கு சிறு பிரேக்குகளின் தலையிற் சுமத்தினால் நேர்வது யாது? பிரேக்குக் கட்டைகள் பிடிப்பை இழக்கும். நீரை உறிஞ்சிப் பழசான பிரேக் எண்ணெய் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும் இயல்பினது. ஆகவே மிதி வெறுமையாய்த் தரைவரை இறங்கிப்போகும்.

இதற்கு மாற்று, எஞ்சினையே தடையாகக் கொள்ளுதல். கீழ்க்கியரில் இறங்கும்போது சில்லுகள் எஞ்சினை விரைந்து சுழற்ற வேண்டியிருக்கிறது. பெற்றோல் எஞ்சினில் மூடிய காற்றுவாயிலுக்கு எதிராகக் காற்றை இழுப்பதிலும் உராய்விலும் சக்தி செலவாகிறது. எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்பது மலைச் சாரதிகளின் பழைய விதி. கைக்கியர் வண்டியில் இவ்விதியைப் பின்பற்றல் எளிது. இரண்டாம் கியரிற் போட்டால் அது இரண்டாம் கியரிலேயே நிற்கும். யாரும் அதனை மாற்றார். ஓட்டோ வண்டியை ‘டி’யில் விட்டு இறங்குபவனோ, தன்னையறியாமலே பிரேக்கை மட்டும் நம்பி இறங்குபவனாதல் கூடும். அவ்வேளையில் விரல்நெம்பு பெருந்துணை. ஆயின் பல வண்டிகளில் ‘டி’யில் இருந்தபடியே நெம்பை இழுத்தால் அக்கட்டளை சில வினாடிகளே நிற்கும், பின்னர் கணினி தன் விருப்புக்குத் திரும்பிவிடும். கோலை ‘எம்’ அல்லது ‘எஸ்’ நிலைக்குக் கொண்டுவந்த பின்னரே சாரதியின் சொல் நிலைக்கும். கலப்பின வண்டிகளிற் பலவற்றில் நெம்பே இராது. அவற்றில் ‘பி’ என்னும் நிலை உண்டு. நீண்ட இறக்கத்துக்கென்றே அமைந்த அந்நிலையை அறியாமல் ஆண்டுக்கணக்காக ஓட்டுபவர்களை நான் கண்டிருக்கிறேன்.

விரல்நெம்புக்கு மற்றொரு நற்குணம் உண்டு. எஞ்சின் தாங்காத வேகத்திற் கீழ்க்கியரைக் கேட்டால் கணினி மறுத்துவிடும். கைக்கோலுக்கு மறுக்கத் தெரியாது. பதற்றத்தில் தவறான கியரிற் போட்டு எஞ்சினைச் சிதைத்தவரும் உளர். அதேவேளை ஒரு குறையும் உண்டு. நெம்புகள் வளையத்தோடு சேர்ந்து சுழலும் வண்டிகளில், கொண்டையூசி வளைவிலே வளையத்தை அரைச் சுற்றுத் திருப்பியதும் வலக்காது இடப்புறமும் இடக்காது வலப்புறமும் வந்துவிடும். மூடுபனியில், எதிரே பஸ் வரும் வேளையில், எக்காது எதுவென்று தேடுதல் தகுமா? ஆதலின் வளைவுக்கு முன்னரே கியரைத் தேர்ந்துகொள்வதே நெறி. மகாகஸ்தோட்டைப் பந்தயக்காரன் செய்வதும் அதுவே அன்றோ?

ஏற்றத்தில் நிலை வேறு. மேட்டில் நின்று மீண்டும் புறப்படும்போது கைப்பிரேக்கையும் பாதிக் கிளச்சையும் இசைவிப்பது கைக்கியர்காரனுக்குப் பழக்கத்தால் வரும் கலை. நோவுள்ள முழங்காலுக்கு அது தண்டனை. ஓட்டோ வண்டியில் அத்துன்பம் இல்லை. எனினும் இரட்டைக் கிளச்சு வண்டியை மேட்டில் வாயுமிதியாலேயே தாங்கி நிறுத்தினாற் கிளச்சுகள் சூடேறித் தேயும். பிரேக்கை மிதித்து நிற்பதே முறை. இவற்றோடு தோட்டத்து வாழ்வின் சிறு உண்மைகளும் உள. பற்றரி இறந்த காலையில் கைக்கியர் வண்டியைச் சரிவில் உருட்டிக் கிளப்பலாம். ஓட்டோ அதற்கு இசையாது. கைக்கியர்ப் பெட்டியைச் சீர்செய்ய ஊர்ப் பட்டறையே போதும். மற்றதற்குத் தொலைவிலுள்ள நகரத்து வல்லுநரை நாடவேண்டி நேரலாம். அதற்குரிய பணமும் வேண்டும்.

இவையெல்லாம் வெறும் வாதமல்ல. 2023ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள், நானுஓயா ரதெல்லைக் குறுக்குப் பாதையின் இறக்கத்தில் நேர்ந்த பஸ் விபத்து ஏழு உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2025ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் விடியற்பொழுதில், கொத்மலை கெரண்டி எல்லையில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவற்றின் காரணங்களை ஆராய்தல் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆனால் மலைப்பாதை பிழை பொறுக்காது என்பதை அறிய வேறு சான்று வேண்டியதில்லை.

நம் பழந்தமிழர் தேர் செலுத்துவோனை ‘வலவன்’ என்றனர். அகநானூற்றிலே ஒரு தலைவன், பூவில் ஆடும் வண்டுகள் வெருவாதவண்ணம் தேர்மணியின் நாவைக் கட்டி வருகிறான். விரைந்து இல்லம் சேரும் வேட்கையிலும் எங்கே எதனை அடக்கவேண்டும் என்று உணர்ந்த நெஞ்சம் அது. ஓட்டுதல் என்னும் கலையின் உயிர் விரைவில் இல்லை, அடக்கத்தில் உள்ளது. அவ்வடக்கத்தைக் கற்பிப்பதில் கைக்கோல் கண்டிப்பான ஆசான். எஞ்சினின் குரலைச் செவிக்குப் பழக்கித் தருகிறது. விரல்நெம்பு இரக்கமுள்ள ஆசான். பிழையைத் தடுக்கிறது, ஆனால் கேளாதவனுக்கு வலிந்து கற்பிப்பதில்லை.

எனவே என் முடிவை நண்பருக்கு இவ்வாறு கூறினேன்: ஓட்டப் பழகும் இளைஞன் கைக்கியரிற் பழகட்டும். பாரம் ஏற்றுபவரும், பட்டறைக்குத் தொலைவில் வாழ்பவரும் அதனையே வாங்கட்டும். உடல் நோவு உள்ளவர் விரல்நெம்பு வண்டியை அஞ்சாது வாங்கலாம். ஆனால் நெம்பை அணிகலனாக விட்டுவைக்காது ஆயுதமாகப் பயிலவேண்டும்.

நண்பர் விரல்நெம்பு வண்டியையே விரும்பினார். விலை பேசுமுன் அதனை நுவரெலியாவிலிருந்து லபுக்கலை வழியே இறம்பொடை வரை ஓட்டிப் பார்த்தோம். அயல்வீட்டு லொறிச் சாரதியும் உடன் வந்தார். முதல் இறக்கத்தில் நண்பரின் கால் பிரேக்கை விட்டு அகலவே இல்லை. “சேர், ‘எம்’முக்கு எடுங்க. இப்ப ரெண்டுக்குப் போடுங்க. காலை எடுங்க” என்றார் அவர். நண்பர் இடக்காதை இரு முறை இழுத்தார். எஞ்சின் உரத்துக் குரலெழுப்பிற்று. வண்டி தன்னைத் தானே பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கிற்று. “கேக்குதா சேர்? அதுதான் மலைக்கு வேணும்” என்றார் லொறிக்காரர்.

மறுவாரம் வண்டி வீடு வந்தது. மகன் அதில் அமர்ந்தபோது நண்பர் முதலிற் சொல்லிக்கொடுத்தது வானொலியைத் திறக்கும் வகையன்று. அதனை மூடிவைத்து எஞ்சினின் குரலைக் கேட்கும் வகையையே.