பிள்ளை பெத்த பிறகும் சர்க்கரை பாருங்க

கர்ப்பகாலச் சர்க்கரை பேறு முடிஞ்சா பெரும்பாலும் இறங்கிடும். அதோட விட்டுடுறோம். எங்கம்மாவுக்கும் சர்க்கரை உண்டு; மரபணுவை மாத்த முடியாது, எடையை மாத்தலாம். அதனால 6 வாரம் கழிச்சு, வெறும் வயிற்றில் 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு, 2 மணி நேரத்தில் ரத்தம் கொடுத்தேன். 140-க்குள் இருந்தால் சரி. 200 தொட்டால் நீரிழிவு. சரியா இருந்தாலும் வருசாவருசம் பார்க்கணும்.

கர்ப்பிணிகள் எல்லாருக்கும் இந்தச் சோதனை வேணும்னு பாடுபட்டவர் சென்னை மருத்துவர் வீ. சேஷய்யா.

சிவகாசிப் பக்கம் பட்டாசு வேலைன்னா நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கணும். பிள்ளைப்பேற்று எடை எப்படிக் குறையும்? தாய்ப்பாலும் நடையும் உதவும். நம்ம கரிசல் மானாவாரிக் குதிரைவாலியும் நல்லதுதான், ஆனா அதுவும் மாவுச்சத்தே. குழைய விட்டுக் கஞ்சியாக்கினா சர்க்கரை சீக்கிரம் ஏறும். உதிரியா வடிச்சு, சோத்தைக் குறைச்சு, கீரையும் பயறும் கூட்டிச் சாப்பிடுங்க.